பத்து மணித் திசையில் நீலன்

முதல் நாள் நான் கண்டுபிடித்த ராட்சதக் கழுகு, கடைசியில் விடுதியின் குளியல் துண்டாகப் போய்விட்டது.

என் தப்பு பெரிதாக ஒன்றுமில்லை. விடிந்தும் விடியாத நேரம். காட்டாற்றின் மேல் மூடுபனி, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல. அதற்குள் வெள்ளையாக ஒன்று இறக்கையை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. "கழுகு" என்று கத்தினேன். நான் கத்தினால் சும்மா கத்த மாட்டேன். அக்கரையில் ஒரு குரங்குக் குடும்பம் மூட்டை முடிச்சோடு வேறு மரத்துக்குக் குடிபோனது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கொடியில் துண்டு. அதுவும் எங்கள் அறைத் துண்டு. நான்தான் காயப்போட்டிருந்தேன்.

எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. "உஷ்" என்பார், அவ்வளவுதான். அந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் தன் உள்ளங்கை மாதிரி தெரிந்து வைத்திருப்பவர். பறவைகளுக்காகத்தான் இப்படிக் காற்றோடு காற்றாகப் பேசுகிறார் என்று நினைத்தோம். படகு ஓட்டுகிற பெண்மணி அவருடைய மாமியார் என்று தெரிந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மோட்டார் சத்தம் கேட்காது. நான் வழிகாட்டிக்கு உஷ் என்றே பெயர் வைத்துவிட்டேன். அவருக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். மறுத்துச் சொல்ல வேண்டுமானால் சத்தமாகப் பேச வேண்டும் அல்லவா.

துண்டு விவகாரத்துக்குப் பிறகு உஷ் எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தார். படகின் மூக்கில் அவர் நிற்பார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர் ஒருவர், பீரங்கி மாதிரி ஒரு கேமராவை மடியில் கிடத்திக்கொண்டு. அதற்கடுத்த பலகையில் நான், பின்பக்கம் பார்த்து. எனக்கு எதிரே முன்பக்கம் பார்த்து என் மனைவி. கடைசியில் மோட்டார், மாமியார்.

"சார், நீங்க வந்த வழியவே பாத்துட்டு வாங்க" என்று காதருகே வந்து சொன்னார் உஷ். "நாங்க ஏற்கெனவே பாத்து முடிச்ச இடம். அங்க புதுசா நீங்க எதையும் கண்டுபிடிக்க முடியாது."

டாக்டர் சிரிப்பை அடக்கக் கேமரா லென்சைத் துடைத்தார். துடைத்துத் துடைத்து அது பாதியாகத் தேய்ந்திருக்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது லாரி எடை மேடையில். வாழ்நாள் முழுவதும் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, வந்த லாரியின் எடையை ஒரு கிலோ கூட்டாமல் குறைக்காமல் சொன்னவன். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், முதலாளிகள் மிரட்டுவார்கள். என் வாயிலிருந்து மெஷின் காட்டிய எடைதான் வரும். அத்தனை வருஷமும் கூட்டிச் சொல்லாமல் அடக்கி வைத்ததெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாள் மடை உடைத்துக்கொண்டது. இப்போது நான் பார்த்த பல்லி முதலை, நனைந்த தூறல் பிரளயம். வீட்டில் எல்லோரும் நான் சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள்கிறார்கள். என் மகள் சில சமயம் நூறால்.

என் மனைவி வேலை பார்த்தது பெயின்ட் கடையில், நிறம் கலக்கிற அறையில். வடக்கே ஒரு ஜன்னல், சுவரெல்லாம் டப்பாக்கள், ஒரு மேஜை, கலக்கும் குச்சிகள். ஒருத்தர் சட்டைப் பொத்தானைக் கொண்டுவருவார், ஒருத்தர் உடைந்த ஓட்டுச் சில்லை, ஒரு அம்மாள் வாடிப்போன பூவை. "இதே நிறம் வேணும்" என்பார்கள். இவள் ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பாள். பொத்தானை அந்த பெயின்ட்டுக்குள் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. எங்கே கிடக்கிறது என்று தெரியாது. இது மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு நாள் ஒருவர் காலண்டர் படம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். காட்டாற்றங்கரையில் ஒரு பறவை. ஆற்று நீலன் என்று கீழே போட்டிருந்தது. அந்த நீலத்தில் அவர் வீட்டு கேட்டுக்கு அடிக்க வேண்டுமாம். இவள் கலந்து கொடுத்தாள். அவர் பூரித்துப்போய் வாங்கிப் போனார். இவள் முகம் மட்டும் சுருங்கியே இருந்தது.

"படத்துல இருக்கிற நீலத்தக் கலந்துட்டேன்" என்றாள் அன்று சாப்பிடும்போது. "பறவையோட நீலம் அது இல்ல. அச்சு பொய் சொல்லுது."

அவர் விட்டுப்போன படத்தை உள்ளங்கையகலம் கிழித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது. வந்த நீலங்களையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாளாம். எதுவும் சேராதாம்.

போன வருஷம் அவள் கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்தது. ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி நடுவில் மட்டும் கலங்கலாம், ஓரமெல்லாம் தெளிவாம். கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: கறை பெரிதாகும், இருக்கிற பார்வையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வெளுக்கும், நிறுத்த வழியில்லை, தள்ளிப் போடத்தான் முடியும். வெளியே வந்து படியிறங்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான். அந்தப் பறவை எந்தக் காட்டில் இருக்கிறது?

அப்படித்தான் வந்து சேர்ந்தோம், பூமி முடிந்து இன்னும் கொஞ்ச தூரம் தள்ளியிருந்த அந்த விடுதிக்கு. மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. அறையில் இரண்டு கட்டில், கொசுவலையில் யாரோ நூலால் முடிச்சுப் போட்ட ஓட்டை, ஒரு வாளி. தரைப் பலகை இடுக்கில் குனிந்து பார்த்தால் ஆறு போய்க்கொண்டிருந்தது. படுத்தால் கட்டிலே மெல்லக் கீழ்நோக்கி மிதப்பதுபோல இருந்தது. எழுந்து பார்த்தால் அதே அறை, ஆனால் கொஞ்சம் கடலுக்குப் பக்கத்தில்.

அந்த ஆற்றின் தண்ணீர் தேநீர் நிறம். காற்றில்லாத நேரத்தில் அது கண்ணாடி. மரங்கள் தலைகீழாக நிற்கும், கொடிகள் கீழிருந்து மேலே தொங்கும், படகு இரண்டு வானத்துக்கு நடுவில் போகும். மாமியார் மோட்டாரை நிறுத்திவிட்டால் இலையிலிருந்து சொட்டு விழும் சத்தம் அடுத்த வளைவிலிருந்து கேட்கும். எனக்கு முன்னால் ஆறு விலகி விலகிப் போய்க்கொண்டே இருக்கும். பின்னோக்கி உட்கார்ந்தவனுக்கு எல்லாமே விடைபெறுகிற காட்சிதான். ஒவ்வொரு மரமும் என்னைப் பார்த்துக்கொண்டே சிறுத்துப்போனது. அதற்கு நடுவில் என் மனைவியின் முகம் மட்டும் சிறுக்காமல் இருந்தது.

அவள் என் காதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கறை விழுந்த பிறகு அவள் பழகிக்கொண்ட வித்தை அது. நேரே பார்த்தால் முகம் கலங்கிவிடும். காதையோ, தலைக்கு மேலேயோ பார்த்தால் ஓரத்தில் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரியாதவர்கள் அவள் யாரையோ தேடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். தூரநோக்கியும் அவளுக்கு உதவவில்லை. வட்டத்துக்குள் வட்டமாகக் கறைதான் பெரிதாகத் தெரிந்ததாம். மடியில் வைத்துக்கொண்டு சும்மா வந்தாள்.

பறவை எங்கே என்று காட்டக் கையை நீட்டக் கூடாது என்பது உஷ்ஷின் சட்டம். கையசைவு கண்டால் பறவை போய்விடும். கடிகாரக் கணக்கில், அதுவும் காதுக்குள் சொல்ல வேண்டும். படகின் மூக்கு பன்னிரண்டு மணி, மாமியார் ஆறு மணி, வலது கரை மூன்று, இடது கரை ஒன்பது. உஷ் "இரண்டு" என்று மூச்சு விட்டால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். மாமியாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஆறு மணி என்றால் எல்லோரும் தன்னை முறைத்துப் பார்க்கிறார்கள் என்று புகார்.

முதல் நாட்கள் கடந்தன. பென்சில் பெட்டி போன்ற மூக்கோடு ஒரு பறவை வந்தது, தீக்குச்சிக் கொண்டையோடு ஒன்று வந்தது, இன்னொன்று எப்போதும் கதவு கிரீச்சிடுவதுபோலக் கூப்பிட்டது. நான் எண்ணெய் போட்டு வந்துவிடலாமா என்று கேட்டேன், "உஷ்" என்றார் அவர். நீலன் மட்டும் வரவில்லை. அது பழுத்த அத்தி மரத்துக்குத்தான் வருமாம். பழம் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க விடுதி வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அப்படி ஒரு மழை. மீன்கள் ஆற்றுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கூரை வரை வந்துபோயின.

மழை விட்ட மறுநாள் கரையோரக் கிளையில் நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியும், மீன்கொத்தி. ஆனால் நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. குனிந்து, "ஏம்மா, உன் நீலன் வந்துட்டான்" என்றேன்.

அவள் கொஞ்சம் தள்ளி, ஒரு வேரைப் பார்த்தாள். பறவை ஓரத்தில் வந்திருக்கும்.

"இதுல பச்சை கலந்திருக்கு" என்றாள். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அத என்னால வகுத்துப் பாக்க முடியாது."

அன்று தேநீர் நேரத்தில் உஷ் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நீலன் இறகில் நீலச் சாயமே கிடையாது என்றார். விழுந்த இறகு ஒன்றைச் சின்ன வயதில் கல்லில் வைத்து அரைத்துப் பார்த்தாராம். கறுப்புப் பொடிதான் வந்ததாம். வெளிச்சம் பட்டு இறகு அப்படி ஒரு வேலை செய்கிறது, அவ்வளவுதான். டாக்டர் அது பற்றி நீளமாக விளக்க ஆரம்பித்தார். என் மனைவி கேட்கவில்லை. கறுப்பு, கறுப்பு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் நீல டப்பாவையே திறந்து பார்த்தவளுக்கு யாரோ பக்கத்து டப்பாவைக் காட்டிவிட்டதுபோல.

கடைசி நாள் காலை. மதியம் எங்களை ஏற்றிப்போகப் பெரிய படகு வந்துவிடும். மூடுபனி இருந்தது, ஆனால் மெல்லியது, சலித்துப்போன மூடுபனி. அத்தி மரத்தின் கீழ் படகு போய் நின்றது. பழங்கள் தண்ணீரில் ஒவ்வொன்றாக விழுந்து, வட்டங்கள் விரிந்து, ஒன்றை ஒன்று கடந்து போயின. வெகுநேரம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. உஷ் தலையாட்ட, மாமியார் மோட்டாரைப் போடாமல் படகைத் தள்ளிவிட்டு, தகர டப்பாவால் உள்ளே தேங்கிய தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். படகு தன் பாட்டுக்கு ஆற்றோட்டத்தில் போனது. அத்தி மரம் எங்களுக்குப் பின்னால், எனக்கு முன்னால், சிறுத்துக்கொண்டே போனது.

அப்போது அதில் வந்து உட்கார்ந்தது.

கறுப்பாக இருந்தது. காக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். அது கழுத்தைத் திருப்பியது. அந்த இடத்தில் யாரோ நீல விளக்கைப் போட்டு அணைத்தார்கள்.

நான் கத்தவில்லை. இதை நம்ப வேண்டும். முதல் தடவையாக உஷ்ஷின் சட்டப்படி நடந்தேன். கையை நீட்டவில்லை, எழுந்திருக்கவில்லை. என் முகத்துக்கு நேரே பன்னிரண்டு என்று வைத்து, மூச்சு மாதிரி சொன்னேன்.

"நீலன். பத்து மணி."

உஷ் சடாரெனத் தூரநோக்கியைத் தூக்கினார். டாக்டர் பீரங்கியைத் திருப்பினார். இருவரும் படகின் பத்து மணியை, முன்பக்கம் இடது கரையில் ஒரு பாவப்பட்ட புதரை, துளைத்துக்கொண்டிருந்தார்கள். படகில் ஒரே ஒரு ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய பத்து மணி மற்றவர்களுக்கு நாலு மணி என்பது உட்கார வைத்தவருக்கும் தோன்றவில்லை, உட்கார்ந்தவனுக்கும் தோன்றவில்லை. மாமியார் குனிந்து தண்ணீர் இறைத்தார்.

பறவை கிளையை விட்டது. எங்களை நோக்கியே வந்தது. என் மனைவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவள் வலது தோளுக்கு மேலாக, தண்ணீரிலிருந்து ஒரு ஆள் உயரத்தில், அவசரமே இல்லாமல். திரும்பு என்று சொல்ல நினைத்தேன். எந்தப் பக்கம் என்று சொல்வது?

அவள் திரும்பவேயில்லை. பத்து மணி என்று நான் சொன்னதும் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்க, அவள் என்னைப் பார்த்தாள். அதாவது, என் தலைக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள்.

பறவை அங்கேதான் வந்தது. அவளைக் கடந்து, என் தலைக்கு மேலே ஏறி, உஷ்ஷின் தொப்பியைத் தாண்டும்போது வலது கரைக்குச் சாய்ந்து திரும்பியது. நான் பார்த்தது அவள் முகத்தை. நீலம் அவள் முகத்தில் அடித்தது என்று சொன்னால் வகுத்துக்கொள்வீர்கள். சரி, வகுத்துக்கொள்ளுங்கள். வகுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

புதரை வெகுநேரம் பார்த்துவிட்டு உஷ் தூரநோக்கியை இறக்கினார். டாக்டர் என்னைப் பார்த்து, "துண்டு காயுதா சார்?" என்றார்.

விடுதிச் சாப்பாட்டு அறையில் நீள மேஜை, நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ரொட்டி, அவித்த முட்டை. கிளம்புகிற நாளில் யார் யார் எதைப் பார்த்தார்கள் என்று உஷ் கேட்பது வழக்கம். நீலன் என்று நான் சொன்னதும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே புன்னகைத்தார். என்னை நம்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நானே என்னை அவ்வளவாக நம்புவதில்லை.

"நானும் பாத்தேன்" என்றாள் என் மனைவி.

கண் சரியில்லாத அம்மாள். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை, நம்பவும் வரவில்லை. டாக்டர் முட்டையை இன்னொரு தடவை உரித்தார். உஷ் மிகவும் மென்மையாகக் கேட்டார், அம்மா, எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது?

"உக்காந்தத நான் பாக்கல. அவர் தலைக்கு மேல பறந்தது. பறவையா அது? இறக்கைய விரிச்சா இந்த மேஜை போதாது. படகே நிழலுக்குள்ள போயிடுச்சு."

நான் வாயைப் பிளந்தேன். நான் ஓய்வு பெற்ற நாள் முதல் என்னைப் பத்தால் வகுத்தவள்.

"அவ்வளவு பெருசில்ல" என்றேன். "மைனாவ விடக் கொஞ்சம் பெருசு. கால் கிலோகூட வராது."

"நீங்க சும்மா இருங்க" என்றாள். பிறகு உஷ் பக்கம், அதாவது அவர் காதின் பக்கம், திரும்பினாள். குரல் இறங்கியது. "வரும்போது கறுப்பு. நல்ல கறுப்பு, புகைக் கறுப்பு இல்ல. அடியில நீலமே கிடையாது. திரும்பிச்சு பாருங்க, அப்பதான் மேல நீலம் ஓடிச்சு, எண்ணெய் மேல வெளிச்சம் ஓடுற மாதிரி. நேரா இருந்ததும் மறுபடி கறுப்பு. அந்தப் படத்துல கறுப்பே இல்ல. அதான் பொய்யி."

உஷ் கையிலிருந்த கோப்பையை வைத்தார். காலண்டர்ப் படம் எடுப்பவர்கள் நீலனை உட்கார்ந்த நிலையில் வெயிலில்தான் எடுப்பார்கள். பறந்து திரும்பும்போது என்ன நடக்கும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே, படகைக் கழுவிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்துக் கத்தினார். ஆமாம், கத்தினார். மேஜை விரிப்பு படபடத்தது.

"அத்தை, நீலன் வந்திருக்கு. நம்ம தலைக்கு மேலயே போயிருக்கு."

"அத ஏன் மாப்ளே இப்படிக் கத்துறே? பறவையெல்லாம் ஓடிடப் போகுது" என்றார் மாமியார்.

வீடு திரும்பிய பிறகு அவள் பழைய கடைக்குப் போய்ச் சில டப்பாக்கள் வாங்கிவந்தாள். எங்கள் படுக்கையறைக் கதவு கிழக்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. முதலில் அதற்குக் கறுப்பு அடித்தாள். கதவையே பார்க்காமல் நிலையைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். காய்ந்ததும் தேய்த்து மறுபடி கறுப்பு. அதன் மேல் வார்னிஷில் ஒரு துளி நீலம், இன்னொரு நாள் இன்னொரு துளி, சுவாசம் மாதிரி மெல்லிய பூச்சுகள். பலவற்றைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். நான் குச்சி பிடித்துக்கொண்டு நின்றேன். அபிப்பிராயம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். கதவுக்கு நேரே நின்று, "என்னம்மா இது, படுக்கையறைக்குப் போய் யாராவது கறுப்பு அடிப்பாங்களா?" என்றாள்.

"அங்க நிக்காத. இப்படி ஓரமா வா" என்றாள் என் மனைவி.

மகளைச் சுவரோரம் நிறுத்திக் கதவை மெதுவாகத் திறந்தாள். வெயில் விழுந்தது. கதவு திரும்பும்போது மேலிருந்து கீழ்வரை நீலம் ஓடி, சுவரை அடைந்ததும் அணைந்தது. மகள் போய்த் தானே கதவைச் சாத்தினாள். திறந்தாள். சாத்தினாள்.

வெகுநேரம் கழித்து என்னிடம் கேட்டாள், "அந்தப் பறவை எவ்வளவு பெருசுப்பா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் காதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும், ஒரு கை கதவைத் தொட, ஒரு கை ஜன்னலுக்கு வெளியே போக, விரித்துக் காட்டினாள்.

"அதுக்கு மேலயே இருக்கும்" என்றேன்.